ஒண்ணுமில்ல டாக்டர்

ஊரில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் யாருக்கும் ஞாபகமில்லை. 'ஒண்ணுமில்ல டாக்டர்' என்றால்தான் தெரியும். கிளினிக்குக்குள் யார் நுழைந்தாலும், என்ன வியாதியோடு நுழைந்தாலும், ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிவிட்டு அவள் முதலில் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்." "ஒண்ணுமில்லங்க, பயப்படாதீங்க." பாதி வியாதி அங்கேயே இறங்கிவிடும் என்று சனங்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

ஆனால் அதிலே ஒரு சூட்சுமம் இருந்தது. நிஜமாகவே ஒன்றும் இல்லையென்றால் மாத்திரையை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்வாள். ஏதாவது இருந்தால் தோளில் கை வைத்துச் சொல்வாள். சொல்லிவிட்டு, கூட வந்த மகனையோ மருமகளையோ பார்த்து, "நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க" என்பாள். அவ்வளவுதான். மகனுக்கும் புரிந்துவிடும், நோயாளிக்கும் புரிந்துவிடும். புரிந்தும் புரியாத மாதிரி ஆட்டோ ஏறிப் போவார்கள். பொய் சொன்னாயே என்று ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை.

இந்த வார்த்தையையும் துணிமணியோடு சேர்த்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனாள் பாருங்கள், அதுதான் வினை.

வெளிநாட்டில் போய் டாக்டர் வேலை பார்ப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? நாற்பது வயசுக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து புது பாஷை படித்தாள், பரீட்சை எழுதினாள், தேறினாள். அதோடு விட்டார்களா? ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூத்த டாக்டர் ஒருத்தரின் கண்ணுக்கு முன்னால் கொஞ்ச காலம் வேலை பார்க்க வேண்டும். அவர் 'சரி' என்றால் வேலை நிரந்தரம், புருஷனும் மகளும் வந்து சேரலாம். 'சரியில்லை' என்றால் வந்த வழியே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கிளினிக்கை மூடிவிட்டு வந்தவள் மூட்டையை எங்கே கொண்டுபோய் இறக்குவாள்?

அந்த மூத்த டாக்டர், சிரித்தால் சட்டை கசங்கிவிடும் என்று நினைக்கிற ரகம். அவருக்கு அவள் மனசுக்குள் வைத்த பேர் ஹெட்மாஸ்டர்.

அப்போதுதான் அந்த பஸ் டிரைவர் வார்டில் வந்து படுத்தார். ஆள் பீரோ மாதிரி இருப்பார். விடாத இருமல். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் ஒரு ஓரமாக நிழல் தெரிந்தது. ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியும். சாயங்காலம் அவள் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது டிரைவர் கேட்டார்: "படத்துல என்ன இருக்கு டாக்டர்?"

அவ்வளவு பெரிய மனுஷனின் கை போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. பழக்க தோஷம், தோளில் கை வைத்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள், அந்த ஊர் பாஷையில், இலக்கணம் பிசகாமல். சொல்லிவிட்டு, 'நீங்க மட்டும் இருங்க' என்று சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலிதான் இருந்தது. சரி, காலையில் பெண்டாட்டி வருவாள், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

காலையில் வந்தால் கட்டில் காலி. புது விரிப்பு, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ராத்திரிக்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரா? நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போ? எப்படி?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போயிட்டாரு," என்றாள் நர்ஸ். "ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்களாம்? வேலைக்குப் போகணும்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டாரு."

செத்திருந்தால்கூட இப்படி அதிர்ந்திருக்க மாட்டாள். ஐயோ, கடவுளே, அதை அப்படியே நம்பிவிட்டாரா? இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை ஒருத்தர்கூட அப்படியே நம்பினதில்லையே!

ஹெட்மாஸ்டர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நிழல் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தைரியம் சொன்னேன்."

அந்த பாஷையில் தைரியத்தைச் சொல்ல முடியாது போலிருக்கிறது. அவர் முகத்தில் ஒரு மண்ணும் விளங்கின அடையாளம் இல்லை. "பொய் சொன்னீங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். "அப்போ உண்மை சொன்னீங்களா?" அதற்கும் "இல்ல" என்றாள். இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"போன் எடுக்க மாட்டேங்குறாரு. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. அவர் வரலைன்னா, உங்களுக்கும் இங்க வேலையில்ல."

பஸ் டிப்போவுக்கு ஓடினாள். டீசல் நாற்றத்துக்கு நடுவே டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் துணியை வீசிவிட்டு வந்து, "இதோ பாருங்கப்பா, இவங்கதான் என் டாக்டர்! எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னவங்க!" என்று டிப்போவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தர் காபி கோப்பையைக் கையில் திணித்தார். பூமி பிளந்து அவளை விழுங்கக் கூடாதா? கூடாது போலும், பிளக்கவில்லை.

காலியாக நின்ற ஒரு பஸ்ஸுக்குள் அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். இந்தத் தடவை தோளில் கை வைக்கவில்லை.

"நிழல் ஒண்ணு இருக்கு. அது கெட்டதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"என் பெண்டாட்டி நேத்து ராத்திரி சந்தோஷத்துல அழுதா, தெரியுமா உங்களுக்கு?"

இதற்கு அவள் ஊர்க்கதை சொல்வாளா, தோள்கதை சொல்வாளா? தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் எழுந்து போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொருத்தர் ஓட்டின பஸ்ஸில், பயணியாக, ஆஸ்பத்திரி வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

சதை எடுத்தார்கள், சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் சாப்பிட்டதும் ஒன்றுதான், சாப்பிடாததும் ஒன்றுதான். வந்தது பாருங்கள் முடிவு! கெட்டது எதுவும் இல்லை. எப்போதோ வந்து, தானாகவே ஆறிப்போன சளிக்காய்ச்சலின் தழும்பு. இருமலுக்கு மருந்து போதும். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்டுக்கு ஓடினாள். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் பெண்டாட்டி.

"ஒண்ணுமில்ல! உங்களுக்கு ஒண்ணுமே இல்ல!"

டிரைவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவ்வளவு நாள் இருப்பேன்?" என்று கேட்டார் டிரைவர்.

அவளுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "இல்லங்க, நிஜமா, சத்தியமா ஒண்ணுமில்ல," என்று அவள் சொல்லச் சொல்ல அந்த மனுஷன் குன்றிக் குன்றிப் போனார். முடிவு வந்த தாளை நீட்டினாள், அவர் வாங்கவில்லை. "அந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிடுங்க," என்றார் கடைசியில்.

ஹெட்மாஸ்டர் வந்தார். பஸ் நேரம் அறிவிப்பது போல, "உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்," என்றார். அவ்வளவுதான், டிரைவர் ஓவென்று அழுதுகொண்டே எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். சட்டை நன்றாகவே கசங்கியது. அந்த அம்மாளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றவளை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வராந்தாவில் ஹெட்மாஸ்டர் நின்றார். "டிப்போவுக்குப் போய் நேருக்கு நேர் சொன்னீங்க. அதுக்காக 'சரி'ன்னு எழுதுறேன்," என்றார். "ஆனா அந்த வார்த்தை இனிமே இந்த வார்டுல வேண்டாம்."

மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் புருஷன் போட்ட கூச்சலில் மகளும் ஓடிவந்து கூச்சல் போட்டாள். குதித்து ஓய்ந்த பிறகு அவன் கேட்டான்: "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றாள்.

அந்தப் பக்கத்தில், "பாப்பா, நீ கொஞ்சம் வெளிய போய் விளையாடு" என்று அவன் சொல்வதும், கதவைச் சாத்துவதும், நாற்காலியை இழுத்துப் போடுவதும் கேட்டது.

"ம், இப்ப சொல்லு. என்ன ஆச்சு?"

அவள் படிக்கட்டிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.