இரண்டாவது கியரும் என் இடது காலும்

போன செவ்வாய்க்கிழமை என் கணவர் என்னிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டார். “இனிமே நீ ஓட்ட வேண்டாம்.” அவ்வளவுதான். நாற்பது வயதுக்கு மேல், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு நான் கற்ற ஒரே வித்தை... ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

நடந்தது இதுதான். நாத்தனார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி பின்னால் உருளுகிறது. பின்னாலேயே மிளகாய் வத்தல் மூட்டை லாரி! ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன். லாரிக்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இது முதல் தடவையும் அல்ல. குடும்பத்தோடு போகலாம் என்று ஆசையாக வாங்கிய பெரிய வண்டி. சில மாதங்களிலேயே இந்தக் கோளாறு ஆரம்பித்துவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? விற்றவர்களைப் போய்க் கேட்டோமா? பூசணிக்காய் உடைத்தோம். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினோம். கண் பட்டுவிட்டதாம். கியர் பாக்ஸுக்குள் யார் கண் போகும்?

மறுநாள் திருநெல்வேலி ஷோரூமுக்குப் போனோம். சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரிடம்தான் கேட்டார். “மேடமா சார் ஓட்டுதாங்க? அதான். கிளட்ச் மேலயே காலை வச்சிருப்பாங்க.”

என் கணவர் தலையாட்டினார்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூடச் சத்தமாகச் சொல்லத் தயங்குகிறவள் நான். ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் விளாத்திகுளத்து வத்தல் வியாபாரி ஒருவர். அவரிடமும் இதே வண்டிதான்.

“வண்டி எப்படி ஓடுது அண்ணாச்சி?”

“ராசா மாதிரி ஓடுதும்மா!”

“பெறகு எதுக்கு இங்கன வந்திருக்கீங்க?”

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “செகண்டு கியரு நிக்க மாட்டேங்குது. கேட்டா, கரிசக்காட்டு ரோட்டுல ஓட்டுனா அப்படித்தான்னு சொல்லுதாவ.”

“என்கிட்ட என் காலுதான் காரணம்னு சொன்னாவ.”

“வெளிய சொல்லிராதம்மா. அடுத்த மாசம் விக்கப் போறேன்.”

“வாங்குறவிய வீட்லயும் பிள்ளைக இருக்குமே அண்ணாச்சி?”

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இதுதான் நம் பக்கத்து வழக்கம். புது வண்டியைக் குறை சொன்னால் கௌரவம் போய்விடும். யார் கேட்டாலும் ராசா மாதிரிதான் ஓடும்! விற்றவர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பிவிடலாம் — நாம்தான் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டோமே.

எழுந்து, சூப்பர்வைசர் நின்ற கவுண்டருக்குப் போனேன்.

“ஒரே வண்டி, ஒரே கியரு. அவியளுக்கு ரோடு காரணம், எனக்குக் காலு காரணமா? பக்கத்துல வந்து உக்காருங்க. நான் ஓட்டுதேன், நீங்க பாருங்க.”

“மேடம், சத்தம் போடாதீங்க.”

நான் சத்தம் போடுகிறேன் என்று என் வாழ்க்கையில் ஒருவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

என் கணவர் எழுந்து வந்தார். வீட்டுக்குக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ சூப்பர்வைசரைப் பார்த்து, “ஏறுங்க தம்பி” என்றார். சாவியை என்னிடம் நீட்டினார்.

பக்கத்திலேயே ஒரு பாலம். நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் இல்லை. ஏற்றத்தில் இரண்டாவது கியரைப் போட்டேன். கிளட்சிலிருந்து இடது காலை எடுத்து, அவர் கண்ணுக்குத் தெரியும்படி தனியாக வைத்தேன்.

பாதி ஏற்றம். டக்!

“பிரேக்கு மேடம்... பிரேக்கு!” டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் அலறினார். பாவம், அவர் பக்கம் கிளட்சும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு காலாலும் தரையை அந்த மிதி மிதித்தார்.

நிதானமாக நிறுத்தினேன்.

“கியர் பாக்ஸ இறக்கிப் பாத்திருவோம் மேடம்.” முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“அந்த அண்ணாச்சி வண்டியையும் சேத்து இறக்குங்க” என்றேன்.

விஷயத்தை வெளியே சொன்னதற்காக அண்ணாச்சிக்கு என் மேல் இன்னும் கோபம்தான். இருக்கட்டும்... அந்த வண்டியை வாங்கப் போகிறவருக்கு இருக்காது!