பதினாறு பேரும் இறங்கிய அஞ்சு நிமிஷம்

பேய், பிசாசு, செய்வினை எதையும் நம்பாத ஆள் நான். எதுவானாலும் முதலில் வயரைப் பார், பிளக்கைப் பார் என்று சொல்லித் திரிந்தவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூரில் இன்டர்நெட் கனெக்‌ஷன் விற்ற ஒரு சின்னக் கம்பெனியில் மோடம்களைக் கவனிக்கிற வேலை எனக்கு. போன் லைன் பதினாறு, லைனுக்கு ஒரு மோடம், ஒரு நேரத்தில் பதினாறு பேர்தான் டயல் செய்து உள்ளே வர முடியும். வாடிக்கையாளர்களோ முன்னூறு பேருக்கு மேல். முதலாளி விற்றுத் தள்ளிவிட்டார். உள்ளே வந்தவர்கள் டவுன் பஸ்ஸில் சீட் பிடித்தவர்கள் மாதிரி, வேலை முடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள், விட்டால் மறுபடி லைன் கிடைக்காது என்ற பயம். நாமாக யார் லைனையும் அறுத்துவிடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

ஒருநாள் சாயங்காலம், கோட்டைமேட்டில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரின் மகள் ஃபாத்திமா வந்தாள். வெளிநாட்டுக் கல்லூரிக்கு, படிப்புச் செலவு முழுக்க அவர்களே ஏற்கும் இடத்துக்கான விண்ணப்பம், ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ரெண்டு நாளாகத் தெரிந்தவர் வீட்டிலிருந்து டயல் செய்தும் லைன் கிடைக்கவில்லையாம். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்தேன். ஆனால் அந்தப் பதினாறு பேருக்கும் எங்களுக்கும் வெளியே போக வழி ஒன்றுதான். விண்ணப்பம் பாதிப் பாதியில் நின்று நின்று போனது. மணி நாலே முக்கால். முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார், எனக்கு அழுகை வராத குறை. 'ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் எறங்கிக்குங்களேன்' என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறக்கவே இல்லை, சத்தியம்.

மோடம் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, பதினாறும். விண்ணப்பம் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள், நான் முதலாளியையே கட்டிப்பிடித்துவிட்டேன்.

மறுநாள் என்ன கோளாறு என்று கேட்கப் போன் செய்தால், பீளமேட்டு பம்ப்செட் கம்பெனிக்காரர், "நீங்கதானுங்க போன் பண்ணி எறங்கச் சொன்னீங்க, உங்க கொரல் தெரியாதுங்களா?" என்றார். இன்டர்நெட்டில் இருக்கும்போது அந்த லைனில் போன் மணியே அடிக்காது. நான் கேட்ட அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள்.

ரெண்டு மாசம் கழித்து, இடம் கிடைத்த கடிதத்தோடு ஃபாத்திமா வந்தாள். அவள் அப்பா ஆபீஸ் முழுக்க அல்வா கொடுத்தார். எங்கள் பதினாறு லைன் ஜெயித்துவிட்டது என்று நானும் குதித்தேன். ஆனால் கையிலெடுத்த அல்வாவைத் திருப்பி வைத்துவிட்டேன். அந்தப் பீளமேட்டுக்காரர், விண்ணப்பம் போன மறுநாளே போனை வைக்கும் முன் என்னிடம் கேட்டிருந்தார்.

"நேத்து அந்தப் புள்ளைக்கு எடம் கெடச்சிருச்சு, ரொம்ப நன்றிங்கன்னு சொல்லிப்போட்டு போனை வெச்சீங்களே, எந்தப் புள்ளைங்க அது?"