பம்பாய்க்கு ரெண்டு பேர்

ராயபுரத்தில் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் என் கடை வாசலில்தான் அவர் ஆட்டோவை நிறுத்துவார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. எதற்கும் பதில் சொல்லுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

ஒரு நாள் உள்ளே வந்து, "தம்பி, ரெண்டு பேர் பம்பாய் போய்ட்டு வர்றதுக்கு இன்னா ஆவும்?" என்றார்.

"அங்க என்னண்ணே பாக்கணும்?"

"நம்ம கடல்ல சூரியன் மொளைக்குது. அங்க கடல்லயே எறங்குதாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அத்த பாக்கணும்னு என் சம்சாரம் சொல்லிகினு கீது."

டிக்கெட், அறை, சாப்பாடு, உள்ளூர் ரயில், திடீர்ச் செலவு எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன். அவர் சேர்த்து வைத்திருந்தது அதில் பாதிதான்.

"ரூமு இன்னாத்துக்கு? ஸ்டேஷன்லயே படுத்துக்கலாம்."

"அக்காவுமா?"

கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். "வேணாம். ரூமு போடு."

மறுவாரம் மனைவிக்கும், தன் செலவைத் தானே போட்டுக்கொண்டு துணைக்குப் போகும் மச்சினிச்சிக்கும் மட்டும் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

"நீங்க?"

"நமக்கு இன்னொரு தபா."

அவர்கள் பம்பாய் சேர்ந்த அன்று மாலை, காசிமேட்டுக் கடற்கரையில் அவரைப் பார்த்தேன். இங்கே இருட்டிவிட்டது. அவர் கையிலிருந்த செல்போனில் மட்டும் கடல் சிவந்து கிடந்தது.

"சூரியன் தெரியுதா?" என்று மனைவியின் குரல் கேட்டது.

"தெரியுது. போன கொஞ்சம் உன் மூஞ்சி பக்கம் திருப்பு. நீ பாக்கறத நான் பாக்கணும்."

பேச்சு முடிந்த பிறகும் அவர் நகரவில்லை. நம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டடங்களுக்கு மேலே மேற்கைப் பார்த்தபடி நின்றார். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.