ரோட்டில் ஓடிய வள்ளம்

போன சனிக்கிழமை முட்டத்திலிருந்து வள்ளத்தில் ஏறி நாகர்கோவில் சந்தைக்குப் போனேன். கடல் வழியாக அல்ல... ரோடு வழியாக.

எனக்குப் புத்தி பிசகவில்லை. கேளுங்கள்.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் வேண்டாமென்று கழித்த பழைய மோட்டார் கார் அது. மீன் விற்கிற செபஸ்தியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து வாங்கினார்கள். தலையில் மீன் கடவப்பெட்டி சுமந்து நடந்து நடந்து செபஸ்தியம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கார் ஓடினால்தான் அவளுக்கு இனி பிழைப்பு. கொழுந்தன் அந்தோணி டிரைவர். காரின் பின்பக்கத்தை அறுத்துவிட்டு, பலகைப் பெட்டி ஒன்றைப் பொருத்தி மீன் ஏற்றினார்கள்.

வழியில் ஒரு கோயில் தெரு. பெட்டியிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுகிறது, தெரு தீட்டாகிறது என்று மறித்தார் அந்தத் தெருவின் பெரியவர். வண்டி திரும்பியது. மீன் அழுகியது.

தண்ணீர்தானே குறை? அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வள்ளம் கட்டுகிற ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் கடலுக்குச் செய்வது போலவே செய்தார். பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்கில் தேங்காய்த் தும்பு திணித்து, மீனெண்ணெய் பூசி, காரின் முதுகில் ஒரு வள்ளத்தையே உட்கார வைத்துவிட்டார். கடல் வள்ளம் தண்ணீரை உள்ளே விடாது. இது வெளியே விடாது. வித்தியாசம் அவ்வளவுதான். பெண்கள் உட்கார, டிரைவருக்குப் பின்னால் ஒரு பெஞ்சு.

வாத்தியார் கூட இருந்தால் பேச்சுக்கு உதவும் என்று என்னையும் முன் ஸீட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

தெரு முனையில் பெரியவர் கை காட்டி நிறுத்தினார். வள்ளத்துக்குள் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னார். அந்தோணி வாய்க்காலிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினான். பெரியவர் குனிந்து அடியில் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"மீனு போவட்டு," என்றார் கடைசியில். "பொம்பளையளு இறங்கி வயல் வழியா சுத்தி வரட்டு."

அந்தோணி? வண்டிக்கு டிரைவர் வேண்டுமே — அவன் இருக்கலாம். நான்? சட்டை போட்ட வாத்தியார், நானும் இருக்கலாமாம். என் அப்பா பனையேறி. அந்தத் தெருவை அவர் ஒருநாளும் நேராகக் கடந்ததில்லை.

சர்க்கார் ரோடு, எல்லாருக்கும் பொது என்று எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். காதில் ஏறவில்லை. நானும் இறங்கப் போனேன். செபஸ்தியம்மா தடுத்தாள். "இரிங்க சாரே. கெடச்ச எடத்த விடாதீங்க."

அந்தக் காலோடு வயலைச் சுற்றி அவள் போய்ச் சேரும்போது சந்தையே கலைந்திருக்கும். ஆனாலும் பெஞ்சிலிருந்து இறங்கினாள். பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வள்ளத்துக்குள் கால் வைத்தாள். சாளை மீனுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"மீனு போலாம்னு இப்பதானே சொன்னிய ஏமானே? என்னையும் மீனோட சேத்துக்கிடுங்க."

"பாயப் போட்டு மூடுலே," என்று அந்தோணியை அதட்டினார் பெரியவர்.

"மீனு செத்தது ஏமானே. எனக்கு மூச்சு வேணும்லா."

தெருவில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற இரண்டு பெண்களும் வள்ளத்துக்குள் இறங்கினார்கள். வண்டி தெருவைக் கடந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் தண்ணீரில் நனைந்தபடி மூன்று பெண்கள்... காலியாக ஒரு பெஞ்சு... முன்னால் ஈரம் படாமல் நான். நான் படித்தது இந்த இடத்துக்குத்தானா?

மத்தியானத்துக்குள் மீன் விற்றுத் தீர்ந்தது. திரும்பி வருகிறோம். அதே தெரு, அதே பெரியவர். அந்தோணி வேகத்தைக் குறைத்தான்.

"மைனி, வள்ளத்துக்குள்ள இறங்குதியளா?"

"எதுக்கு? மீனுதான் வித்துப்போச்சே." செபஸ்தியம்மா பெஞ்சில் அசையாமல் இருந்தாள். "நீ ஓட்டு மக்கா."

ஓட்டினான். பெரியவர் கையைப் பாதி தூக்கினார். குறை சொல்ல மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. வேறு காரணம் ஒன்று அவருக்கு வாயில் வருவதற்குள் வண்டி தாண்டிவிட்டது.

அடுத்த முறைக்குள் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் — காலையில் மீனாகப் போனவர்கள், மத்தியானம் மனுஷிகளாகத் திரும்பினார்கள்.