நான் ஏலத்தில் எடுத்த பலாப்பழங்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு என்னைச் சாவகச்சேரியில் மாமா வீட்டில் விட்டுவிட்டு அம்மா கொழும்புக்குத் திரும்பிப் போனார். மாமா அம்மாவின் மூத்த அண்ணன். தோட்டக்காரர், அதிகம் பேசாதவர், கோயிலுக்குப் போகாமல் காலைச் சாப்பாட்டைத் தொடாதவர். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே ஒரு பிள்ளையை இரண்டு வாரம் எப்படிப் பொழுதுபோக்க வைப்பது என்று அவர் வெகுவாக யோசித்திருக்க வேண்டும். நான் போய் இறங்கிய அன்று, கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்த பட்டியலை மாமி காட்டினார். திங்கள், சந்தை. செவ்வாய், கீரிமலைக் கேணியில் குளிப்பு. வியாழன், கசூரினா கடற்கரை. வெள்ளி, யாழ்ப்பாணம் பட்டணத்தில் ஐஸ்கிறீம். புதன்கிழமைக்கு நேரே 'ஓய்வு' என்று இருந்தது. அது எனக்கா அவருக்கா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சந்தைக்குப் போனோம். தென்மராட்சிக் கிராமங்களிலிருந்து வரும் மாம்பழமும் பலாப்பழமும் காலையில் அங்கே குவியல் குவியலாக ஏலத்தில் போகும். அப்படி ஒரு காட்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஏலம் கூறுகிறவர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றார். அவருக்கு முன்னால் பன்னிரண்டு பலாப்பழங்கள் கிடந்தன. சுற்றிலும் வியாபாரிகள். மாமா கத்தரிக்காய் விலை விசாரிக்க ஒருவரோடு கதைத்துக்கொண்டு நிற்க, நான் அவர் கையை விட்டுவிட்டு முன்வரிசைக்கு நழுவிவிட்டேன்.

"ஆயிரத்தைஞ்சூறு... ரெண்டாயிரம்... ரெண்டாயிரத்தைஞ்சூறு..." என்று அவர் இழுத்து இழுத்துப் பாடுவதுபோலச் சொன்னார். பிறகு நிறுத்தினார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பிறகு? பிறகென்ன? சொல்லுங்கோவன்!"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வகுப்பில் விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்த வேண்டும். நான் உயர்த்தினேன்.

"மூவாயிரம்!" என்று கத்தினேன்.

"மூவாயிரம் ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்!" என்று அவர் வாய்ப்பழக்கத்தில் சொல்லி முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்பதற்காகச் சிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடிவந்த மாமாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏலம் கூறுகிறவருக்கு மாமாவைத் தெரிந்திருந்தது. "உங்கடை ஆளே அண்ணை? சின்னப்பிள்ளை கேட்டது செல்லாது. பொறுங்கோ, நான் திருப்பிக் கூறுறன்," என்றார்.

மாமா ஒரு தேங்காயை நான்கு தரம் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். அவர் உடனே 'ஓம்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். குனிந்து ஒரு பழத்தை உருட்டி மணந்து பார்த்தார்.

"என்ன மாதிரி, வருக்கையோ?"

"எல்லாம் நல்ல வருக்கை, அண்ணை."

"அப்ப திருப்பிக் கூற வேண்டாம். என்ரை மருமோள் கேட்டது. என்ரை பேரிலை போடு."

வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு பழமும் இறங்கியபோது மாமி அரிசி களைந்த கையோடு வெளியே வந்து நின்றார். "உங்களுக்கென்ன விசரோ? நாங்கள் ரெண்டு பேர், உது ஒரு குருவி. ஆர் தின்னுறது இவ்வளவையும்?"

"பிள்ளை ஏலத்திலை எடுத்துப் போட்டாள். நான் என்ன செய்ய?" என்றார் மாமா.

அந்த வார்த்தை என்னை மிகவும் வதைத்தது. அன்று பின்னேரமே அந்தப் பழங்கள் பழுக்கத் தொடங்கின. வீடு முழுக்க வாசம். படுத்தாலும் அந்த வாசம், சோற்றிலும் அந்த வாசம். ஒன்றை வெட்டி மூன்று பேரும் தின்று களைத்துப் போனோம். மீதியைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அத்தோடு பட்டியல் குலைந்தது. கீரிமலைக்கென்று துவாயும் மாற்றுடுப்புமாகப் புறப்பட்ட நாளில் மோட்டார் சைக்கிளின் இருபக்கமும் சாக்கில் பலாப்பழங்கள் தொங்கின. ஒரு வீட்டில் தேநீர், அடுத்த வீட்டில் வடை, அதற்கடுத்த வீட்டில் என்னை நிறுத்தி வைத்து நான் யாரைப் போல இருக்கிறேன் என்று ஒரு நீண்ட வாதம். மதியம் திரும்பிவிட்டதால் கேணியைக் காணவேயில்லை. கசூரினாவும் அப்படியே போயிற்று. எல்லா வீட்டிலும் மாமா அதே கதையைச் சொன்னார்: பிள்ளை ஏலத்தில் எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு தரமும் நான் நிலத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பழங்கள் மிஞ்சியிருந்தன. குவியலிலேயே பெரியவை அவைதான். மாமா ஒவ்வொரு நாளும் அவற்றைத் தொட்டுப் பார்த்து ஓரமாக ஒதுக்கி வைத்ததை நான் கண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போமா என்று நான் கேட்டபோது அவற்றை இன்னும் சுவரோரமாகத் தள்ளினார். மாமிதான் சாக்கை எடுத்துவந்து இரண்டையும் உள்ளே வைத்துக் கட்டினார்.

"குருநகருக்குத்தானே?" என்றார் மெதுவாக.

மாமா முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டு வாங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை நிண்டால் ஒருத்தரும் சத்தம் போடாயினம்."

யார் சத்தம் போடுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. குருநகர் பட்டணத்தில் இருக்கிறது, பட்டணத்தில் ஐஸ்கிறீம் என்பது மட்டும் விளங்கியது. ஓடிப்போய்ச் சப்பாத்துப் போட்டேன்.

ஆனால் பட்டணத்துக்குள் வந்ததும் மாமா கடைகளைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாகத் திருப்பினார். காற்றில் மீன் மணம் வந்தது. ஒரு தேவாலயத்தைக் கடந்து ஒழுங்கைக்குள் நுழைந்து, இரண்டு தரம் வழி தவறி, ஒரு நீலநிறப் படலையின் முன்னால் நிறுத்தினார். நிறுத்தியவர் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. "மாமா, இறங்குவமோ?" என்று நான் கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

முற்றத்தில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டார்.

"வாங்கோ," என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்சரும், ஒருக்கா வெளியிலை வாரும்," என்றார்.

வெளியே வந்த பெண்ணைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. நின்ற நிற்பும் அம்மாதான்.

"அண்ணை," என்றார் அவர்.

மாமா சாக்கை நிலத்தில் வைத்தார். "இது கடைசித் தங்கச்சியின்ரை பெட்டை. சந்தையிலை பன்ரண்டு பிலாப்பழம் ஏலத்திலை எடுத்துப் போட்டாள். வீட்டிலை தின்ன ஆளில்லை. அதுதான்..." என்றார். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "உன்ரை பெரியம்மா," என்றார்.

எனக்கு ஒரு பெரியம்மா இருப்பதை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பையனை விரும்பி மணம் முடித்ததும், இனி எனக்கு ஒரு தங்கச்சிதான் என்று மாமா சொன்னதும், பதினாறு வருடமாக அந்தச் சொல்லை அவர் காப்பாற்றியதும் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், இந்த வீட்டிலும் மாமா என்னை மாட்டிவிட்டுவிட்டார் என்பதுதான்.

உள்ளே போய் இருந்தோம். சுவரில் யேசுவின் படத்துக்குக் கீழே, வெள்ளை உடுப்போடு கையில் மெழுகுதிரி பிடித்த ஒரு பையனின் படம் இருந்தது. மாமா அதையே பார்த்தார்.

"இப்ப எத்தினை வயசு?"

"பதினாலு. கடலுக்குப் போகமாட்டன், படிக்கப் போறன் எண்டு நிக்கிறான். இப்ப ரியூசனுக்குப் போயிட்டான்," என்றார் வலை பொத்தியவர், என் பெரியப்பா.

"படிக்கட்டும்," என்றார் மாமா.

பெரியம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். "அண்ணை... தேத்தண்ணி குடிப்பியளோ?"

தேநீர் வேண்டுமா என்று கேட்பதற்கு ஒருவர் இவ்வளவு தயங்கியதை நான் கண்டதில்லை. பெரியப்பாவும் வாசலில் வலை ஊசியைக் கையில் பிடித்தபடி நின்று மாமாவின் வாயைப் பார்த்தார்.

"ஓம், கொண்டுவா," என்றார் மாமா. "சீனியைக் கொஞ்சம் கூடப் போடு."

பெரியம்மா ஏறக்குறைய ஓடினார். குசினிக்குள் ஒரு கோப்பை விழுந்து உடையும் சத்தம் கேட்டது. ஒருவரும் அவரை ஏசவில்லை.

தேநீர் குடித்து முடிந்ததும் பெரியம்மா பலாப்பழம் வெட்டக் கத்தி எடுத்தார். "விடு, நான் வெட்டுறன். உனக்குச் சின்னனிலையும் வெட்டத் தெரியாது, தின்னத்தான் தெரியும்," என்று மாமா கத்தியை வாங்கிக்கொண்டார். வீட்டில் வெட்டும்போது கையில் எண்ணெய் பூசாமல் அவர் பழத்தைத் தொட்டதேயில்லை. அன்றைக்கு மறந்துபோனார். முதல் சுளையை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். அவர் அதை வாயில் வைத்துவிட்டு மெல்லாமல் நின்றார். மாமா தன் கையைப் பார்த்தார். விரல்கள் எல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுத்திருந்தன.

"கையைக் கழுவிப்போட்டு வாறன்," என்று எழுந்து பின்பக்கம் போனார்.

தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "பெரியம்மா, பிலாப்பால் தண்ணியிலை போகாது, எண்ணெய் வேணும்," என்றேன். பெரியம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். அவரும் வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்போதும் வரவில்லை. நான் போய்ப் பார்க்க எழும்பினேன். பெரியப்பா என் தலையில் மெல்லக் கை வைத்து இருத்தினார்.

"நீ இருந்து சாப்பிடு, பிள்ளை. அவை வருவினம்."

நான் சாப்பிட்டேன். இரண்டு பெரியவர்கள் சேர்ந்தும், எண்ணெயும் இருந்தும், ஒரு கையைக் கழுவ இவ்வளவு நேரமா என்று எனக்குச் சரியான அலுப்பாக இருந்தது.