பயப்படாத ஊரில் திகில் எழுதுகிறவள்

காலை பத்தரை மணிக்கு மேல்தான் எனக்குப் பிரபஞ்சம் கிடைக்கும். அதற்கு முன்பு இட்லி, டிபன் டப்பா, மகளின் பள்ளி வேன், வீட்டுக்காரரின் காணாமல் போன வண்டிச் சாவி என்று பொழுது ஓடிவிடும். எல்லோரும் கிளம்பிய பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்து, லேப்டாப்பைத் திறந்து, நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து ஏதாவது ஒன்றைப் பூமிக்கு இறக்குவேன். பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடிக்கும். எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மீதியை இறக்குவேன்.

திருநகரில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் எழுதுகிறவள் என்று தெரியும். என்ன எழுதுகிறேன் என்பதுதான் தெரியாது. சமையல் குறிப்பு என்று பாதிப் பேரும் டிவி சீரியல் என்று மீதிப் பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் வாசலில் நிறுத்தி, அந்த மருமகளுக்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்று நைசாகக் கேட்டார். எந்த மருமகள் என்று எனக்குத் தெரியாது. நல்லதுதான் நடக்கும் என்று சொல்லி வைத்தேன்.

நான் எழுதுவது பிரபஞ்சத் திகில். இதில் பேய் கிடையாது, பழிவாங்க வரும் ஆவி கிடையாது. மனிதர்கள் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே இருந்த, நம் புத்திக்குள் அடங்காத ஏதோ ஒன்று கடலுக்கடியிலோ பூமிக்கடியிலோ வானத்துக்கு அந்தப் பக்கமோ கிடக்கும். அதற்கு நம்மேல் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. தப்பித்தவறி அதைப் பார்த்துவிடுகிற மனிதன், தான் எவ்வளவு அற்பம் என்று விளங்கி, புத்தி பேதலித்துப் போவான். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் வீட்டுக்காரருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஓ, கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி" என்றார்.

இந்தப் பைத்தியம் எனக்குக் கல்லூரியில் படிக்கும்போது பிடித்தது. டவுனில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டையும் முதல் பக்கங்களும் கிழிந்த ஓர் ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது. யார் எழுதிய கதைகள் என்றே தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். திருப்பரங்குன்றம் போனது, நான் இறங்க வேண்டிய திருநகர் போனது, திருமங்கலத்தில் கண்டக்டர் வந்து எழுப்பாத குறையாக இறக்கிவிட்டார். உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் இவ்வளவு நேரம் என்று தெருவே என்னைக் கவனித்துக்கொண்டிருந்த வயசு அது. என்னைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாத ஒரு பிரபஞ்சம் இருக்கிறது என்பது எனக்கு அம்புட்டு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கும் வீட்டில் தாமதத்துக்குத் திட்டு விழுந்தது.

போன வருஷம் ஒரு பதிப்பாளர் என் கதைகளைத் தொகுப்பாகப் போடலாம் என்று கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் படித்துவிட்டு போன் செய்தார். எழுத்து நன்றாக இருக்கிறது, பல இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தேன், ஆனால் ஓர் இடத்தில்கூட பயம் வரவில்லை என்றார். திகில் என்று அட்டையில் போட்டுவிட்டு இதை எந்த முகத்தோடு விற்பது? ஒரே ஒரு கதை பயமுறுத்தட்டும், புத்தகம் வந்துவிடும் என்று முடித்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு ரோஷம் வந்தது. என் வீட்டுக்காரரைப் பயமுறுத்துகிற ஒரு கதையை எழுதிவிட்டுத்தான் இனி அந்த ஆளுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கதை விஷயத்தில் அவருக்குப் பொய் சொல்ல வராது. பிடித்தால் கேட்பார், பிடிக்காவிட்டால் தூங்கிவிடுவார். திருமங்கலத்தில் ஒரு சின்னக் கடை வைத்து, சுற்றுப்பட்டு விவசாயிகளுக்கு ஆழ்குழாய்க் கிணறு போட ஏற்பாடு செய்கிற தொழில் அவருக்கு. துளை போடுகிற போர் வண்டியைக் கூட்டிப்போவது, கடைசிவரை பக்கத்தில் நிற்பது, தண்ணீர் வந்தால் மோட்டார் மாட்டிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பாம்புக்குப் பயப்படாதவர், என் அம்மாவுக்கும் பயப்படாதவர். இவர் ஒருமுறை நடுங்கினால் தமிழ்நாடே நடுங்கும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் முயற்சிக்கு ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டேன். திருமங்கலத்துக்கு மேற்கே என் நாத்தனார் ஊரில் நிஜமாகவே இருக்கிற கண்மாய்தான். அதன் மடை, உடைந்த படி, கரையில் நிற்கும் கருவேல மரங்கள் எல்லாவற்றையும் அப்படியே கதையில் வைத்தேன். கண்மாய்க்கு அடியில் அது கிடக்கிறது. எண்ண முடியாத கண்கள், எலும்பில்லாத கைகள், கோடையில் தண்ணீர் வற்றும்போது லேசாகத் தெரிகிற முதுகு. அதை எழுதும்போது எனக்கே பின்கழுத்து குறுகுறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும், அவரையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து வாசித்தேன்.

முடித்தபோது வீட்டுக்காரர் தூங்காமல் விழித்திருந்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நாத்தனார் வெற்றிலையை மென்றபடி, அது எந்தத் திசையைப் பார்த்துப் படுத்திருக்கிறது என்று கேட்டார். கதையில் அதெல்லாம் வராது மதினி என்றேன். அதெப்படி வராமல் போகும் என்று அவர் விடவில்லை. சைவமா, கெடா கேட்கிறதா என்றும் தெரிந்தாக வேண்டும் என்றார். அதற்கு நாம் ஒரு பொருட்டே இல்லை, நம்மை அது திரும்பிக்கூடப் பார்க்காது, அதுதான் பயமே என்று விளக்கினேன்.

"ஏத்தா, அம்புட்டுக் கண்ண வச்சுக்கிட்டு ஒரு கண்ணாலகூட நம்மளப் பாக்கலைன்னா, நம்மதான் அதுக்கு ஏதோ கொற வச்சுருக்கோம்" என்றார் நாத்தனார்.

வீட்டுக்காரர் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டார். பங்காளிச் சண்டையில் கும்பிடாமல் விட்டுப்போன சாமியாக இருக்கும் என்றார். காப்பி வருவதற்குள் அது எந்த வகையறாவின் சாமி, அவர்கள் எந்த ஊருக்குக் குடிபோனார்கள் என்பதுவரை அக்காவும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். என் கதையில் வந்த ஆராய்ச்சியாளனுக்குப் பைத்தியம் பிடித்ததையும், வெறும் வயிற்றோடு கரைக்குப் போயிருப்பான் என்று சரிசெய்துவிட்டார்கள்.

அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே எலுமிச்சம்பழம். முன்னால் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல். எதுக்கும் இருக்கட்டும் என்று வைத்ததாக நாத்தனார் சாதாரணமாகச் சொன்னார். அவ்வழியே போகிறவர்கள் பைக்கை நிறுத்திக் கும்பிடவும் ஆரம்பித்திருந்தார்கள். ஒருவருக்குத் தொலைந்துபோன பசுமாடு திரும்பக் கிடைத்துவிட்டதாம். மனித குலத்தையே மதிக்காத என் அண்டவெளிப் பிறவி மேலூர் சந்தைவரை தேடியும் கிடைக்காத மாட்டைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. எரிச்சலில் கரையைவிட்டு இறங்கினேன். இறங்குவதற்கு முன் ஒரு கும்பிடும் போட்டேன் என்பதை மறைக்க முடியாது.

அதன் பிறகு வரிசையாகத் தோல்விதான். மூலைகள் சேராத, அறைகள் தப்பும் தவறுமாக மடிகிற ஒரு வீட்டைப் பற்றி எழுதினேன். வாஸ்து தெரிந்த ஆளிடம் காட்டாமல் கட்டிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நகரத்தின் பழைய பகுதியில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு ஒரு கதையை அனுப்பினேன். அவளுக்கும் என்னைப்போலவே வாசிப்புப் பைத்தியம் உண்டு, ஐந்து வேளையும் தொழுகிறவள். அந்த ஜந்துவையும் அல்லாதானே படைத்திருப்பான், அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே, அதுக்கு என்னடி பயம் என்று போனில் கேட்டுவிட்டு, பிரியாணி செய்திருக்கிறேன் வா என்றாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்த ஊரில் எத்தனை தலையோடு எது வந்தாலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி உட்கார வைத்துவிடுகிறார்கள்.

கதை ஓடாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒருநாள், வேலை நடக்கிற இடத்துக்கு வாரியா என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். திருமங்கலம் தாண்டி ஒரு கரிசல் காடு. பருத்தி எடுத்து முடித்திருந்தார்கள். போர் வண்டி காது கிழியும்படி இறைந்துகொண்டிருந்தது. ராடு ராடாகப் பூமிக்குள் இறங்க இறங்க, குழிவாயிலிருந்து வெள்ளைக் கல்மாவு புகைந்து கிளம்பியது. தண்ணீர் வந்தால் அந்தப் புகை சேறாகும். அன்றைக்குக் கடைசிவரை புகைதான். வயல்காரரும் அவர் மனைவியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் தலையிலும் மாவு படிந்திருந்தது. தட்டிவிடக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

வண்டியை நிறுத்தி ராடுகளை உருவிய பிறகு, குழியை மூடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, மண்டியிட்டு, குழிவாயில் காதை வைத்தார். தண்ணீர் கொஞ்சமாவது ஊறியிருந்தால் கல் விழுகிற சத்தம் வேறாக இருக்கும், அதற்காகத்தான் கேட்பேன் என்று முன்பே சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அதை நேரில் பார்த்தேன். கல் அடியில் தட்டுகிறவரை அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டியதும் மூச்சு விட்டு எழுந்து, வறண்ட கிணறுதான் என்று வயல்காரரிடம் சொல்லப் போனார். சொல்லும்போது அவர் குரல் தெளிவாகவே இருந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அந்த முகம்தான் நினைப்பு. என் கதைக்கு எண்ண முடியாத கண்ணும் கையும் வேண்டாம் என்று விளங்கியது. மறுநாள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன், குக்கர் விசில்கூடக் காதில் விழவில்லை, பருப்பு அடிப்பிடித்தது.

ஒருவன் காய்ந்த குழியில் கல்லைப் போடுகிறான். சத்தம் வரவில்லை. இன்னொரு கல் போடுகிறான், பிறகு ஊரே வந்து போடுகிறது. எதுவும் எதிலும் தட்டவில்லை. கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடிக்கிறார்கள். யார் மீதும் சாமி வரவில்லை. ஆடு வெட்டுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், கோபித்துக்கொள்ளக்கூட யாரும் இல்லை. கடைசியில் அவன் மட்டும் குழிவாயில் காதை வைத்தபடியே இருக்கிறான். கதை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்துக் காட்டினேன். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் சாய்வு நாற்காலியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். உடுக்கை அடிக்கிற இடத்தில் கடலை உரிக்கிற சத்தம் நின்றது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் நேராக உட்கார்ந்திருந்தார்.

"கீழ என்ன இருக்கு?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றுமே இல்லாமல் எப்படி, பாறையாவது இருக்குமே என்றார். பாறையும் இல்லை, யாரும் இல்லை, எதுவும் இல்லை என்றேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். எங்கள் வீட்டு ஆழ்குழாய் மோட்டாரைப் போடுகிற சத்தம் கேட்டது. மாடித் தொட்டி காலையிலேயே நிறைந்துவிட்டிருந்தது. நான் போய்ப் பார்க்கும்போது தண்ணீர் வழிந்து சுவரெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா தொட்டி நிறைந்துவிட்டது என்று ஜன்னலிலிருந்து சத்தம் கொடுத்தார். இவர் காதில் வாங்காமல் குழாயின்மேல் கையை வைத்து நின்றார், தண்ணீர் ஏறுகிற அதிர்வு கையில் தெரிகிற மாதிரி.

எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பயந்துவிட்டார், புத்தகம் வந்துவிடும். அவர் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் குதிப்பு அடங்கிப் போனது.

"ஒவ்வொரு எடத்துலயும் கல்லப் போட்டுட்டு நிக்கிறேன்ல, அப்பல்லாம் எனக்கு இதே நெனப்புதான். சத்தமே வரலைன்னா என்ன செய்யிறதுன்னு. வெளிய சொன்னாச் சிரிப்பாய்ங்க" என்றார்.

இத்தனை வருஷமாக என் கதைகளுக்கு நடுவில் தூங்கிய மனுஷன், நான் எழுதத் தவித்த பயத்தைத் தினமும் வேலைக்கு எடுத்துப்போய்விட்டு வந்திருக்கிறார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். காலடியில் தண்ணீர் ஓடியது. கதையில் வருகிற குழிக்குள் ஏதாவது ஒன்றை வைத்துவிடேன் என்று அவர் கேட்டார். கண் வேண்டாம், கை வேண்டாம், சும்மா மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் போதும் என்றார். வைத்தால் கதை போய்விடுமே என்றேன். யோசித்துப் பார்த்து, அதுவும் வாஸ்தவம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"சரி, கதைய அப்படியே அனுப்பு. எனக்கு மட்டும் சொல்லு. கீழ ஏதாச்சும் இருக்குல்ல?"

கீழேயும் யாரும் இல்லை, மேலேயும் யாரும் இல்லை, அது எவ்வளவு நிம்மதி என்று கல்லூரிக் காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருப்பவள் நான். அதை நம்பித்தான் ஒவ்வொரு கதையையும் எழுதினேன்.

"இருக்குங்க" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே குழாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு மோட்டாரை நிறுத்தினார்.

மறுநாள் காலை கதையை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் பதிப்பாளருக்கு அனுப்பினேன். புத்தகம் வருகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னதையும் நான் மாற்றவில்லை.