முகாமையாளரோடு ஒரே சஹனில்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

என்னைக் கல்முனையிலிருந்து சாகாமத்துக்கு மாற்றிய முகாமையாளரோடு நான் கதைப்பதில்லை. திரும்பி வர நான் கொடுத்த விண்ணப்பம் இன்னும் அவரிடம்தான் கிடக்கிறது.

இன்று சாய்ந்தமருதில் கலியாணச் சாப்பாடு. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் ஓர் இடம் குறைகிறது என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். எதிரே அவர்.

கோழியைப் பிய்த்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளி, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

“எடுங்க நானா. கோவம் என்னோடதானே, கோழி என்ன செஞ்சது?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஓம் சேர்” என்று எடுத்துத் தின்றேன்.

கை கழுவும்போது, “ஒங்கட மாற்றத்த இந்தக் கிழமை பாப்பம்” என்றார்.

கோழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே நானும் பெயர் போடாமலே இந்தப் பதிவை இடுகிறேன். அந்தச் சஹனில் இருந்த மற்ற நால்வரும் கொமென்ட் பக்கம் வராதிருந்தால் நல்லது.